அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துவிடாதீர்கள்: நம் ரோட்டரி சங்கத்தின் புதிய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வரும் ஜூலை 1-ஆம் தேதி பொறுப்பேற்கவிருக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதலில் வாழ்த்துகள். தலைவர் தம்பி, உங்கள் அப்பா இந்தச் சங்கத்தில் இருந்த காலத்தில் நீங்கள் அரை டவுசரோடு குடும்ப விழாவுக்கு வந்து, மியூசிக்கல் சேரில் ஜெயித்து, பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கீழே வைக்காமல் சாப்பிட்டு முடித்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்களை ஒரு நாளும் பதவிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்த மடலிலும் தம்பி என்றே எழுதுகிறேன். நீங்களும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறீர்கள். அந்த உரிமையில்தான் எழுதவே துணிந்தேன்.

போன வாரம் வந்த உங்கள் சுற்றறிக்கையை மூன்று தடவை படித்தேன். ஜூலையிலிருந்து செவ்வாய்க்கிழமை வாராந்திரக் கூட்டம் கிடையாது. மாதம் ஒரு குடும்பச் சந்திப்பு, ஒரு சேவைத் திட்டம். இந்த இரண்டையுமே கூட்டமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றச் செய்திகள் வாட்ஸ்அப் குழுவில் வரும். அச்சிட்ட புல்லட்டின், அதாவது சங்கத்தின் செய்தி மடல், நிறுத்தப்படும்.

விதிப்படி இதில் தவறே இல்லை என்று எனக்குத் தெரியும். 2016-இல் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் அதன் சட்டமன்றம் கூடியபோது, மாதத்துக்கு இரண்டு கூட்டமாவது நடந்தால் போதும், எப்படி நடத்துவது என்பதைச் சங்கமே முடிவு செய்துகொள்ளலாம் என்று தளர்த்திவிட்டார்கள். சேவைத் திட்டத்துக்குக் கூடுவதையும் கூட்டமாகக் கொள்ளலாம். ஆகவே விதியைக் காட்டி வாதாட நான் வரவில்லை. உங்களிடம் தனியாக வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் முடிவு எல்லோரையும் தொடுகிறது. நாற்பத்து மூன்று உறுப்பினர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். செவ்வாய்க் கூட்டத்தில் மணி அடித்து, பிரார்த்தனை முடிந்து, நான்கு வழிச் சோதனை என்கிற நான்கு கேள்விகளைச் சொல்லி முடித்ததும் ஒரு பத்து நிமிடம் உண்டே, அதை எடுத்துவிடாதீர்கள். நிகழ்ச்சி நிரலில் அதற்கு 'உறுப்பினர் செய்திகள்' என்று பெயர். நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தலைவர் நிமிர்ந்து பார்த்து, "சரி, இந்த வாரம் யார் வீட்டில் என்ன?" என்று கேட்பார். ஒருவர் எழுந்து பையனுக்குக் கோயம்புத்தூரில் சீட் கிடைத்துவிட்டது என்பார். சந்தோஷப் பெட்டி என்று வைத்திருக்கும் தகர உண்டியலில் பத்து ரூபாய் போடுவார். இன்னொருவர் அம்மாவுக்குக் கண்ணில் புரை என்பார். யாராவது, தென்னந்தோப்பில் போர்வெல் வற்றிவிட்டது, நல்ல ரிக் வண்டிக்காரர் யாரையாவது தெரியுமா என்று கேட்பார். கேட்டவருக்குப் பதில் அந்த இடத்திலேயே கிடைத்துவிடும், இல்லையென்றால் அதன் பிறகு ஃபெலோஷிப் என்கிற சிற்றுண்டி நேரத்தில், மெதுவடையும் காபியும் கையில் இருக்கும்போது கிடைக்கும்.

புதிதாகச் சேர்ந்த தம்பிகளுக்கு அது நேரத்தை வீணடிப்பதாகத் தெரியலாம். எனக்கு அந்தப் பத்து நிமிடம் என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

2003-இல் என் கணவர் இறந்தபோது நான் இந்தச் சங்கத்தின் உறுப்பினர் கிடையாது. உறுப்பினரின் மனைவி. உங்கள் வழக்கில் 'ஆன்'. வருஷத்துக்கு நாலைந்து விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவேன், அவ்வளவுதான். அவர்தான் எங்கள் மருந்துக்கடையின் பதிவுபெற்ற ஃபார்மசிஸ்ட். ஃபார்மசிஸ்ட் இல்லாமல் மருந்துக்கடையைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். உரிமமும் அவர் பெயரில். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குப் போனதும் கடை ஷட்டர் இறங்கியே கிடந்தது. உள்ளே இருந்த சரக்குக்கு எக்ஸ்பைரி தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய பணம் ஒரு பக்கம், பத்தாவது படிக்கும் மகள் ஒரு பக்கம். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அந்த வாரச் செவ்வாய்க் கூட்டத்தில், எங்கள் கடைக்கு எதிரில் பாத்திரக்கடை வைத்திருந்த உறுப்பினர் எழுந்து, "மருந்துக்கடை பதினெட்டு நாளாகப் பூட்டியே கிடக்கிறது, என்ன ஏது என்று நாம் யாரும் கேட்கவில்லை" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை காலை என் வீட்டு வாசலில் மூன்று பேர். ஒருவர் தன் அண்ணன் மகள் டி.ஃபார்ம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஒருவர் ஆடிட்டர். உரிமத்தை என் பெயருக்கு வாங்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று தன் டைரியில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். மூன்றாமவர் பேசவே இல்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டு, போகும்போது, "மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு நான் கூட வருகிறேன் அம்மா, தனியாக அலையாதீங்க" என்றார். ஐந்து தடவை கூட வந்தார். அந்த டி.ஃபார்ம் பெண் எங்கள் கடையில் ஒன்பது வருஷம் இருந்தாள். அவள் கல்யாணத்துக்கு நான்தான் நாத்தி முடிச்சுப் போட்டேன்.

இது சங்கத்தின் எந்த அறிக்கையிலும் இல்லை. இதற்குப் பேனர் கட்டவில்லை, போட்டோ எடுக்கவில்லை, ரோட்டரி மாவட்ட ஆளுநரின் பரிசுக்குப் புள்ளி கிடைக்கவில்லை. செய்தவர்களில் இருவர் இன்று இல்லை. பாத்திரக்கடைக்காரர் அன்றைக்கு அந்த ஒரு வரியைச் சொல்ல ஓர் இடமும் ஒரு நேரமும் இருந்தது. அதை வைத்துத்தான் நானும் என் மகளும் நிமிர்ந்தோம். 2006-இல் நான் உறுப்பினராகச் சேர்ந்ததும் புல்லட்டின் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டதும் அந்தக் கடனுக்காகத்தான்.

தம்பி, பால் ஹாரிஸ் ரோட்டரியை ஏன் தொடங்கினார் என்று நாம் ஆண்டுதோறும் பிப்ரவரி 23 அன்று பேசுகிறோம். அந்தப் பேச்சில் ஒரு முக்கியமான விஷயம் எப்போதும் விட்டுப்போகிறது. அவர் வெர்மான்ட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்ட் என்கிற சின்ன ஊரில், தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தவர். அங்கே தெருவில் நடந்தால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வக்கீலாகச் சிகாகோவுக்கு வந்தவருக்கு அந்தப் பெரிய நகரத்தில் வேலை இருந்தது, மனம்விட்டுப் பேச ஆள் இல்லை. 1905 பிப்ரவரி 23-ஆம் தேதி யூனிட்டி பில்டிங்கில் 711-ஆம் எண் அறையில் நாலு பேர் கூடினார்கள். அறை சுரங்கப் பொறியாளர் லோருடையது. கூட இருந்த ஷீலே நிலக்கரி வியாபாரி, ஷோரி தையல்கடைக்காரர். அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் முறை வைத்துச் சந்தித்தார்கள். அந்தச் சுழற்சியிலிருந்து வந்ததுதான் ரோட்டரி என்கிற பெயர். அன்றைக்கு அவர்கள் கையில் சேவைத் திட்டம் என்று ஒன்றும் இல்லை. ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள மட்டும்தான் கூடினார்கள். நகரத்தில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று அவர்கள் கையிலெடுத்த முதல் பொதுக் காரியம் இரண்டு வருஷம் கழித்துத்தான் வருகிறது.

ரோட்டரியின் நோக்கம் என்று நாம் சுவரில் மாட்டியிருக்கிறோமே, அதில் முதல் வரியே அறிமுகத்தை வளர்த்து அதைச் சேவைக்கான வாய்ப்பாக ஆக்குவது என்பதுதான். அறிமுகம் முதலில் நிற்கிறது. உங்கள் சுற்றறிக்கையில் சேவைத் திட்டங்கள் பன்னிரண்டு வரிசையாக இருக்கின்றன. நல்ல திட்டங்கள்தான். ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அறிமுகம் வளர இடம் எங்கே என்று தேடினேன். மாதம் ஒரு குடும்பச் சந்திப்பில் பாட்டு, விளையாட்டு, குலுக்கல் பரிசு, பஃபே எல்லாம் உண்டு. அங்கே யாரும் எழுந்து எனக்கு ஒரு கஷ்டம் என்று சொல்லமாட்டார்கள்.

சேவைக்கே இது தேவை என்பதற்கு நம் சங்கத்திலேயே சாட்சி இருக்கிறது. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று போலியோ. இந்தியா முழுவதும் முதல் சொட்டு மருந்து நாள் 1995 டிசம்பர் 9. அன்றைக்கு நான் 'ஆன்'களோடு பஸ் ஸ்டாண்டு முகாமில் உட்கார்ந்திருந்தேன். ஐஸ் பேக் வைத்த நீலப் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து நர்ஸம்மா இரண்டு சொட்டு விடுவார். குழந்தை முகத்தைச் சுளித்து அழ ஆரம்பிப்பதற்குள் இடது கைச் சுண்டுவிரலில் நான் மை வைப்பேன். பிறகு வந்த வருஷங்களில் குப்பியின் லேபிளில் ஒரு சின்னச் சதுரம் வந்தது. சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே போகும். சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. மருந்துக்கடைக்காரியாக அந்தச் சதுரத்தைப் பார்ப்பது என் வேலையாகிவிட்டது. ஒரு வருஷம் முகாமுக்கு ஐந்து நாள் முன்பு, செவ்வாய்க் கூட்டத்தில் செங்கல் சூளை வைத்திருக்கும் நம் உறுப்பினர் சாதாரணமாக, "இந்த வருஷம் ஆள் பஞ்சம் இல்லை, வெளி மாநிலத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியிருக்கிறார்கள்" என்றார். தொழில் செய்தியாகத்தான் சொன்னார். அந்தக் குழந்தைகள் எந்தப் பட்டியலிலும் இருக்கமாட்டார்கள் என்று நம் டாக்டருக்கு உடனே உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெட்டி மருந்து சூளைக்கே போனது. புழுதியில் விளையாடிக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அங்கேயே வைத்துச் சொட்டு விட்டோம். விரலில் மை பிடிக்கவில்லை, செம்மண் அவ்வளவு அப்பியிருந்தது. ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

2009-இல் கூட இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. கடைசிக் குழந்தை மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில், 2011 ஜனவரி 13. 2014 மார்ச் 27 அன்று நம் தென்கிழக்காசியப் பகுதி முழுவதும் போலியோ இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அன்றைக்கு நாம் மண்டபத்தில் லட்டு கொடுத்தோம், நினைவிருக்கும். ரோட்டரி 1985 முதல் உலகம் முழுக்கக் கொட்டிய பணமும் அரசாங்கத்தின் ஆள்படையும் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் விட்டுப்போகும் கடைசிக் குழந்தையை, அந்தச் சூளைக்காரர் மாதிரி பேச்சுவாக்கில் சொல்கிற ஒருவர்தான் காட்டிக்கொடுக்க முடியும்.

இன்னொன்று கஜா. 2018 நவம்பர் 16 வெள்ளிக்கிழமை விடியற்காலை புயல் கரையைக் கடந்தது. டிவியில் பார்த்துவிட்டு எல்லோரும் அரிசி, பிஸ்கெட், பழைய துணி என்று சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நாமும் சேர்த்தோம். செவ்வாய் 20-ஆம் தேதி கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் கண் கலங்க எழுந்தார். அவர் மகளைப் பேராவூரணிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார். சம்பந்தி போனில் பேசியிருக்கிறார். "அரிசி வந்துவிட்டது. தண்ணீர்தான் இல்லை. கரண்ட் கம்பம் எல்லாம் சாய்ந்துவிட்டது, மோட்டார் ஓடாமல் மேல்நிலைத் தொட்டி காலியாகக் கிடக்கிறது. முடிந்தால் ஒரு ஜெனரேட்டர் அனுப்பச் சொல்லுங்கள்."

பந்தல், லைட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் நம் உறுப்பினர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். கார்த்திகை மாதம், கல்யாண முகூர்த்தங்கள் அவருக்குப் புக் ஆகியிருந்தன. எழுந்து வெளியே போய் இரண்டு போன் பேசிவிட்டு வந்து, "ரெண்டு செட் இன்னைக்கு ராத்திரியே கிளம்பும், டீசல் மட்டும் சங்கம் போடட்டும்" என்றார். விருந்துக்குச் சொல்லியிருந்த இட்லி ஆறிக்கொண்டிருக்க, பதினோரு மணிக்கு நாங்கள் டெம்போவில் டீசல் கேன் ஏற்றிக்கொண்டிருந்தோம். டிராக்டர் டிரெய்லரில் ஜெனரேட்டரை வைத்துக் கிராமம் கிராமமாக இழுத்துப் போய், ஒவ்வொரு தொட்டியாக நிரப்பினார்கள். பதினோரு நாள் கழித்துத்தான் அந்த இரண்டு செட்டும் ஊர் திரும்பின.

ஜெனரேட்டர் தேவை என்பது வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். வந்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் தழுதழுத்துப் பேசியதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்ததால்தான் இவர் முகூர்த்த நாளில் ஜெனரேட்டரைத் தூக்கிக் கொடுத்தார். இருவரும் எட்டு வருஷம் செவ்வாய்தோறும் ஒரே மேசையில் வடை சாப்பிட்டவர்கள்.

இப்போது எழுதக் கஷ்டமாக இருப்பதை எழுதுகிறேன்.

இந்த வருஷம், அதாவது முடியப்போகும் இந்த ரோட்டரி ஆண்டில், நம் கூட்டங்கள் எப்படி நடந்தன என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் வாரம் தவறியது. பிறகு கூட்டம் என்றாலே சிறப்பு விருந்தினர் என்றாயிற்று. விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். மேடையில் ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொருவருக்கும் அறிமுக உரை, நினைவுப் பரிசு, குழு போட்டோ. மணி ஒன்பதரை ஆகிவிட்டதால் 'உறுப்பினர் செய்திகள்' நேரமின்மையால் விடப்படுகிறது என்று செயலாளர் அறிவிப்பார். நானும் கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு நாள்கூட எழுந்து கேட்கவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

நம்மோடு பத்தொன்பது வருஷமாக இருந்த ஓர் உறுப்பினர் போன ஐப்பசியில் தன் ஜவுளிக்கடையை மூடிவிட்டார். தீபாவளிக்கு வாங்கிப் போட்ட சரக்கு விற்கவில்லை, கடன் கழுத்தை நெரித்துவிட்டது. மாசி மாதம் வரை, நான்கு மாதம், நம்மில் ஒருவருக்கும் தெரியாது. அவர் கடை மெயின் ரோட்டில் இல்லை, உள்தெருவில் இருந்தது. அதைக் காரணமாகச் சொல்லலாம்தான், எனக்கு மனம் ஒப்பவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? உழவர் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அங்கே காய் விற்கும் அம்மா சொன்னார். அவர் தீபாவளிக்குச் சீட்டுப் போட்டுத் துணி எடுக்கிற கடை அதுதான்.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். நம் சங்கத்துப் புத்தாண்டு காலண்டர் இன்னும் போன வருஷத்தில்தான் இருந்தது, புதியதை யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர் சொன்ன ஒரு விஷயம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. "அக்கா, கார்த்திகையில் ஒரு நாள் ராத்திரி குரூப்பில் எழுதலாம் என்று டைப் அடித்தேன். அதற்குள் நோட்டுப் புத்தகம் கொடுத்த போட்டோ இருபது வரிசையாக வந்தது. அதுக்கு நடுவில் இதை எப்படிப் போடுவது என்று அழித்துவிட்டேன்." அடுத்த மாதம் சந்தா பாக்கி என்று குழுவிலிருந்து அவர் எண் நீக்கப்பட்டிருக்கிறது. நீக்கியவரைக் குறை சொல்லவில்லை. பட்டியல் வந்தது, செய்தார். ஏன் கட்டவில்லை என்று கேட்க நமக்கு ஓர் இடம் இல்லாமல் போயிருந்தது.

இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். பெயர் இல்லாமல் எழுதுங்கள் என்றார்.

நாம் வாரா வாரம் கையை நீட்டிச் சொல்லும் நான்கு வழிச் சோதனையை ஹெர்பர்ட் டெய்லர் 1932-இல் எழுதியது, திவாலாகும் நிலையில் இருந்த ஒரு பாத்திரக் கம்பெனியை எடுத்து நிறுத்துவதற்காக. நொடித்துப்போன வியாபாரத்திலிருந்து பிறந்த நான்கு கேள்விகள் அவை. நம் கூட்டத்திலேயே ஒருவர் நொடித்துக்கொண்டிருக்க, நமக்குத் தெரியாமல் அதைச் சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்றாவது கேள்வி, நல்லெண்ணத்தையும் நட்பையும் இது வளர்க்குமா என்பது. உங்கள் சுற்றறிக்கையை அந்தக் கேள்வியின் முன் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. பாதிப் பேருக்குக் கடை ராத்திரி ஒன்பதரைக்குத்தான் அடைக்க முடியும். சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் பெண் உறுப்பினர்களுக்கு ஏழரை மணிக் கூட்டம் என்பது சமையலறையிலிருந்து பாதியில் எழுந்து வருவது. 1989-இலேயே பெண்களுக்குக் கதவைத் திறந்த ரோட்டரியில், ஒரு பெண் உலகத் தலைவராக வர 2022 வரை ஆனது. நம் சங்கத்தில் இன்றைக்கும் ஆறு பேர்தான். நேரத்தை மாற்றினால் இன்னும் வருவார்கள் என்று நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். மண்டப வாடகையும் ஏறிவிட்டது. வாராவாரம் முடியாது என்றால் சரி, மாதம் இரண்டாக வைத்துக்கொள்வோம். அந்த இரண்டும் உட்கார்ந்து பேசும் கூட்டமாக இருக்கட்டும். ஒன்றில் விருந்தினரே வேண்டாம். சேவைத் திட்டம் தனியாக நடக்கட்டும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பொங்கல், வடை, காபியோடு வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதமே. மண்டபம் வேண்டாம் என்றால் அந்த முதல் நாலு பேர் செய்த மாதிரி முறைவைத்து ஒவ்வொருவர் இடத்தில் கூடலாம். என் கடை மாடியில் முப்பது நாற்காலி போட இடம் இருக்கிறது. ஃபேன் இரண்டு ஓடும். பொன்னாடையும் கேடயமும் வாங்கும் காசு மிச்சமானால் காபிக்கு அதுவே போதும்.

பணியேற்பு விழாவைப் பற்றி ஒரு வார்த்தை. விழா நன்றாக நடக்கட்டும். அதில் கை வைக்க நான் வரவில்லை. ஆனால் பேனரில் எல்லோர் படமும் போடும்போது அந்த ஜவுளிக்கடைக்காரர் படமும் இருக்க வேண்டும். அவர் சந்தா பாக்கியை நான்கைந்து பேர் சேர்ந்து கட்டிவிட்டோம். பொருளாளரிடம் ரசீது இருக்கிறது.

புல்லட்டின் விஷயம். ஏ4 தாள் ஒன்று, இரண்டு பக்கம், நடுவில் மடித்தது. மேலே இருபத்து நான்கு பல் கொண்ட சக்கரம். இடது பக்கம் அந்த வாரப் பிறந்தநாள், மணநாள். கீழே யாருக்கு எந்த இரத்த வகை என்கிற பட்டியல். ஒரு காலத்தில் சைக்ளோஸ்டைல், அப்புறம் அச்சகம், இப்போது ஜெராக்ஸ். புக் போஸ்ட் ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியதும் உண்டு, சைக்கிளில் போய்க் கொடுத்ததும் உண்டு. நம் சங்கத்தில் எட்டுப் பேர் எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை, கண்ணும் அந்தச் சின்ன எழுத்துக்கு இடம் கொடுப்பதில்லை. அதில் ஒரு பெரியவர், நம் சங்கத்தைத் தொடங்கியவர்களில் மிச்சமிருப்பவர், படுக்கையில் இருக்கிறார். அவர் மருமகள் புல்லட்டினைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள். பிறந்தநாள் பெயர் வரும்போது, "அவன் எப்படி இருக்கான்?" என்று கேட்பாராம். அந்த எட்டுப் பேருக்காவது அச்சில் போகட்டும். செலவு என்னுடையது, வேலையும் என்னுடையது. கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, எதிரிலேயே ஜெராக்ஸ் கடை.

இந்த வாரப் புல்லட்டின் வராததால் செய்திகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரைஸ் மில் ஐயாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இன்னும் ஒரு வாரம் வெளிச்சத்தில் வரக் கூடாது, சாயங்காலம் போய்ப் பேசிக்கொண்டிருக்கலாம். எலெக்ட்ரிகல் கடைத் தம்பிக்கு இரண்டாவதும் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். நம் இளைஞர் பிரிவான ரோட்டராக்டில் உள்ள பெண்ணொருத்திக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கப் பழைய புத்தகங்கள் வேண்டுமாம், வீட்டில் சும்மா கிடப்பவற்றைக் கொடுங்கள். செங்கல் சூளை உறுப்பினரின் அம்மாவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மூட்டு ஆபரேஷன், பி நெகட்டிவ் இரத்தம் இரண்டு யூனிட் தயாராக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நம் பட்டியலில் பி நெகட்டிவ் மூன்று பேர். மூவருக்கும் போன் செய்துவிட்டேன், இருவர் வருகிறார்கள்.

இந்த ரோட்டரி ஆண்டின் கடைசிக் கூட்டம் வரும் செவ்வாய்க்கிழமை 7.30-க்கு வழக்கமான இடத்தில்தான். சுற்றறிக்கையில் அதை ரத்து செய்யவில்லை என்பதால் நான் வருகிறேன். ஜவுளிக்கடைக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நம் வாடகை ஜெனரேட்டர்காரர் ஒரு வேலை பேசி வைத்திருக்கிறார், கணக்கு பார்க்கிற வேலை. அதைப் பற்றி அன்றைக்கு இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் அவர் வண்டியை விற்றுவிட்டார். அக்ரஹாரம் வழியாக வருகிற யாராவது ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலில் ஹாரன் அடித்து, பின்னால் ஏற்றிக்கொண்டு வாருங்கள். தலைவர் தம்பி, உங்கள் வீடும் அந்தப் பக்கம்தான்.

அன்புடன்,
மருந்துக்கடை அக்கா
(புல்லட்டின் பொறுப்பு)